முக்கி முக்கி நின்ற மோட்டார்

கூத்தாநல்லூர் என்றால் திருவாரூர் மாவட்டத்துக்காரர்கள் உடனே "ஓ, சின்ன சிங்கப்பூரா?" என்பார்கள். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற வழியில், சுற்றிலும் வயல், நடுவில் இந்த ஊர். வயலைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தால் தெருவெல்லாம் பெரிய பெரிய வீடுகள். சிங்கப்பூர், மலேசியா, குவைத் என்று போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டியவை. அந்த வீடுகளுக்கெல்லாம் வாசக்கால் வேண்டும், கதவு வேண்டும், கதவில் பூவேலை வேண்டும். அதனால் மரப்பட்டறைக்காரர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

அப்படி ஒரு பட்டறையில் சில வருடங்களுக்கு முன் ஒரு மெஷின் வந்து உட்கார்ந்தது. எட்டடி நீளம், நாலடி அகலம். பெயர் சி.என்.சி. ரவுட்டர். பத்து நாள் உளி பிடித்துச் செய்கிற பூவேலையை ஒரே பகலில் செதுக்கித் தள்ளிவிடும். வாங்கியவர் ஒரு ஆசாரி. எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். மெஷினை ஓட்டுவதற்கு ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையனை வேலைக்கு வைத்திருந்தார்.

ஒரு தை மாதம், சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்த நேரம், அந்த மெஷின் நின்றுபோனது. அன்றைக்கு நடந்ததுதான் இந்தக் கட்டுரை. மெஷின் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். கொஞ்சம் கணக்கும் வரும், பயப்பட வேண்டாம் :-)

முதலில் மெஷினைப் பற்றி நாலு வரி.

எண்களைக் கொடுத்து மெஷினை ஓட்டுகிற யோசனை அமெரிக்காவில் பிறந்தது. ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தவர். வளைவுகளைக் கையால் அளந்து வெட்டினால் சரியாக வருவதில்லை என்று, புள்ளிகளைக் கணக்கிட்டு அந்த எண்களின்படி வெட்டலாம் என்று நினைத்தார். அதை எம்.ஐ.டி.யின் ஆய்வுக்கூடம் எடுத்து வளர்த்து, 1952-ல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஓடும் மெஷினாகக் காட்டியது. பிறகு நாடா போய் கம்ப்யூட்டர் வந்தது. விமான இறக்கைக்காகப் பிறந்த சமாச்சாரம், இன்றைக்குக் கூத்தாநல்லூரில் தேக்குப் பலகையில் திராட்சைக் கொடி செதுக்குகிறது.

மரவேலை மெஷினில் மூன்று அச்சுகள். மெஷினின் நீளத்தில் முன்னும் பின்னும் போவது ஒய். குறுக்கே போவது எக்ஸ். மேலும் கீழும் ஏறி இறங்குவது இசட். ஒய் அச்சில் பாலம் மாதிரி ஒரு சட்டம் நகரும். அந்தப் பாலத்தின் மேல்தான் எக்ஸ் மோட்டார் உட்கார்ந்திருக்கும். விலை குறைந்த மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண ஃபேன் மோட்டார் மாதிரி கடகடவென்று சுற்றாது, படிப்படியாகத் திரும்பும். ஒரு படிக்கு 1.8 டிகிரி. 200 படி போனால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டோடு அதைச் சேர்த்தால், ஒரு படிக்கு 0.025 மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத் தாளின் கனத்தில் ஏறக்குறைய கால்வாசி! அந்தப் படியையும் மின்சாரத்தாலேயே இன்னும் சிறிதாகப் பிரிக்கலாம். அதற்கு டிரைவர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கம்ப்யூட்டர் துடிப்புகளை அனுப்பும். டிரைவர் அதை வாங்கி மோட்டாருக்குக் கரண்டாகக் கொடுக்கும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சாதாரண ஸ்டெப்பருக்குத் திரும்பிப் பேசத் தெரியாது. "நூறு படி போ" என்றால் போகும். போக முடியாவிட்டால், "போகவில்லை" என்று சொல்லாது. கம்ப்யூட்டரும் போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டு அடுத்த கட்டளையைக் கொடுக்கும்.

அன்றைக்கு அதுதான் நடந்தது. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒரு பாய்க்குத் தலைவாசல் கதவு. மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. அதற்கு முன் வாசல் முடிய வேண்டும். நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் அவர் விமானம் ஏற வேண்டும். பூவேலை முக்கால்வாசி முடிந்த நேரத்தில் எக்ஸ் அச்சு நின்றுவிட்டது. மோட்டார் "ம்ம்ம்ம்" என்று முக்கியது, நடுங்கியது, நகரவில்லை. ஒய் அச்சோ அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விளைவு, பூவின் நடுவே ஏர் ஓட்டின மாதிரி நேராக ஒரு கோடு. தேக்குப் பலகை பாழ்.

பையன் ஓடிவந்து சிவப்புப் பட்டனை அடித்தான். மேஸ்திரி பலகையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"நேத்து நீ இடிச்சதுதாண்டா இது."

விஷயம் என்னவென்றால், முதல் நாள் பையன் தொடக்கப் புள்ளியைத் தப்பாகக் கொடுத்து, எக்ஸ் வண்டி ஓரத்துத் தடுப்பில் போய் 'டக் டக்' என்று மோதியிருந்தது. அவனே வந்து சொல்லியும் இருந்தான். சொன்னது இப்போது அவன் தலையிலேயே விடிந்தது.

"மேஸ்திரி, அதுக்கப்புறம் நல்லாத்தானே ஓடுச்சு..."

"ஓடுச்சு, இப்ப நின்னுடுச்சு. நீ நாளையிலேருந்து வர வேணாம்."

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் பையன் வீட்டில் அவன் சம்பளம் ஒன்றுதான் வருமானம். ஆகவே அன்றைக்குப் பட்டறையில் தேட வேண்டியிருந்தது இரண்டு: மோட்டார் ஏன் நின்றது, தப்பு யாருடையது.

மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். காவிரிப் படுகையில் டிராக்டர் மெக்கானிக் உண்டு, பம்ப்செட் மெக்கானிக் உண்டு, கதிர் அறுக்கும் மெஷினுக்கு மெக்கானிக் உண்டு. தை மாதத்தில் அவர்களையும் கையில் பிடிக்க முடியாது. சி.என்.சி. பழுது பார்ப்பவர் வேண்டுமென்றால் பெரும்பாலும் கோயம்புத்தூரைத்தான் பார்க்க வேண்டும். போன் போட்டதில், வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். வரவும் போகவும் ஆகிற செலவு தனி, கூலி தனி. "மோட்டார் போயிருக்கும், புதுசு ஒண்ணு வாங்கி வச்சிடுங்க" என்று போனிலேயே வைத்தியமும் சொல்லிவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் வணிகவியல். ஐந்து லட்ச ரூபாய் மெஷின் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரிக் கணக்கில் பொதுவான எந்திரங்களுக்குத் தேய்மானம் 15 சதவீதம், குறைந்துசெல் மதிப்பு முறையில். முதல் வருடம் 75,000 போய் 4,25,000. அடுத்த வருடம் 63,750 போய் 3,61,250. ஓடினாலும் தேய்மானம் உண்டு, நின்றாலும் உண்டு. வங்கித் தவணை உண்டு, வாடகை உண்டு. இவையெல்லாம் நிலைச் செலவுகள். மெஷின் நிற்கிற ஒவ்வொரு நாளும் அந்தச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும், வரவு மட்டும் நின்றுவிடும். அந்த அவசரத்தில்தான் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு புது மோட்டார் வாங்குகிறார்கள். வாங்கி மாட்டி, அப்புறமும் ஓடவில்லை என்றால்? அந்தப் பணம் போனது போனதுதான்.

ஆகவே பழுது தேடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காசு ஆகாத சோதனை முதலில், காசு ஆகும் சோதனை கடைசியில். பையன் ஐ.டி.ஐ.யில் படித்தது இதைத்தான். "ஒரு மத்தியானம் மட்டும் டைம் குடுங்க மேஸ்திரி" என்று கேட்டான். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்தான். உடனே கையை விடவில்லை. வெட்டும் தலையைச் சுற்றவைக்கும் இன்வெர்ட்டருக்குள் இருக்கிற கெபாசிட்டர்களில் அணைத்த பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும். எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். பத்து நிமிடம் பொறுத்தான்.

பிறகு எக்ஸ் திருகுத் தண்டைக் கையால் திருப்பினான். கரண்ட் இல்லாதபோது கையால் திருப்பி, கனமாக இருந்தால் பழுது இரும்பில்: பேரிங் பிடித்திருக்கும், தண்டு வளைந்திருக்கும், அல்லது மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து களியாகியிருக்கும். நம் படுகையின் ஈரக்காற்றுக்கு இது சீக்கிரமே நடக்கும். இலேசாக, சீராகச் சுற்றினால் பழுது பெரும்பாலும் மின்சாரத்தில். மேஸ்திரியும் வந்து திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடம் இழைப்புளி தள்ளிய கை அது, எங்கே தட்டினாலும் தெரிந்துவிடும். தண்டு எங்கும் தட்டவில்லை. அவர் முகம் கொஞ்சம் மாறியது. முதல் நாள் மோதியதில் தண்டு வளைந்திருந்தால் இந்தக் கைக்கு அது தெரியாமல் போகாது.

அடுத்து கப்ளிங். மோட்டார் தண்டையும் திருகுத் தண்டையும் இணைக்கிற சின்ன உருளை அது. அதன் திருகு தளர்ந்தால் மோட்டார் சுற்றும், அச்சு சுற்றாது. இரண்டின் மேலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டான். ஓட்டிப் பார்த்தபோது கோடு பிரியவில்லை. கப்ளிங் நல்லது.

ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு வேடிக்கை. கரண்ட் கொடுத்ததும் எக்ஸ் அச்சு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது! இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஜம்மென்று போனது. "சரியாயிடுச்சு" என்று பழைய பலகை ஒன்றைப் போட்டு வெட்ட ஆரம்பித்தால், பாதியில் மறுபடியும் "ம்ம்ம்ம்". இருந்து இருந்து வருகிற பழுதுதான் பழுதிலேயே மோசமானது. டாக்டரைப் பார்த்ததும் மறைகிற காய்ச்சல் மாதிரி.

மூன்றாவது, மாற்றிப் பார்ப்பது. எக்ஸுக்கும் இசட்டுக்கும் ஒரே மாதிரி டிரைவர். கரண்டை அணைத்துவிட்டு, இரண்டிலும் குட்டி சுவிட்சுகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்து, இடம் மாற்றி மாட்டினான். டிரைவர் கெட்டிருந்தால் நோய் இசட்டுக்குப் போக வேண்டும். போகவில்லை. எக்ஸ்தான் மறுபடி நின்றது. அப்படியென்றால் டிரைவர் நல்லது. ஒன்றும் வாங்காமலேயே சில ஆயிரம் ரூபாய்ச் சந்தேகம் ஒன்று தீர்ந்தது. (கரண்ட் இருக்கும்போது மட்டும் மோட்டார் ஒயரை டிரைவரிலிருந்து பிடுங்கவே கூடாது. சுருளில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் திடீரென்று அறுந்தால் உண்டாகும் மின்னழுத்தம் நல்ல டிரைவரையும் கொன்றுவிடும்.)

மிச்சம் இரண்டு. மோட்டார், அல்லது அதற்குப் போகிற ஒயர்.

ஸ்டெப்பருக்குள் இரண்டு சுருள்கள். நாலு ஒயர், ஜோடி ஜோடியாக. சைக்கிளின் இரண்டு பெடல் மாதிரி, ஒன்று விட்டு ஒன்று மிதித்தால்தான் சக்கரம் ஒரே திசையில் போகும். ஒரு பெடல் கழன்றுவிட்டால், மேலே உச்சியில் கால் மாட்டிக்கொள்ளும்போது முன்னே போவதா பின்னே போவதா என்று தெரியாமல் ஆடும். ஸ்டெப்பரும் அப்படித்தான். ஒரு சுருளுக்கு மட்டும் கரண்ட் வராவிட்டால் திசை தெரியாமல் நின்ற இடத்தில் நடுங்கும். அந்த "ம்ம்ம்ம்" சத்தத்துக்கு அர்த்தம் பல சமயம் இதுதான். எல்லா டிரைவரும் இதைக் கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கு போடாது. அன்றைக்கும் பச்சை விளக்கு சாவகாசமாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

அணைத்துவிட்டு, ஒயர்களைக் கழற்றி, மீட்டரை வைத்தான். இரண்டு ஜோடியிலும் ஒரு ஓம் அளவில், ஒரே மாதிரி. இரண்டும் நல்லது! (மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. டிரைவரிலிருந்து கழற்றிய ஒயர்களில் ஒரு ஜோடியைச் சேர்த்து முறுக்கிவிட்டு மோட்டார் தண்டைத் திருப்பினால், முன்பைவிடக் கனமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்தச் சுருள் அறுபடவில்லை.)

பையன் உட்கார்ந்துவிட்டான். தண்டு நல்லது, கப்ளிங் நல்லது, டிரைவர் நல்லது, சுருள் நல்லது. எல்லாம் நல்லது, மெஷின் மட்டும் ஓடாது!

அப்போதுதான் மேஸ்திரி பாழான பலகைகளை எடுத்துச் சுவரில் சாய்த்தார். ஒன்றல்ல, இரண்டு. நான்கு நாளைக்கு முன் ஒரு பலகையில் பூ இலேசாகப் பக்கவாட்டில் நகர்ந்து வந்திருந்தது. வோல்டேஜ் குறைந்திருக்கும் என்று சொல்லி ஓரம் கட்டியிருந்தார்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து, பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். இரண்டிலும் கோளாறு ஆரம்பித்த இடம், கால்மாட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரம்.

"தலைமாட்டுல ஓடுது. கால்மாட்டுக்குப் போனா நிக்குது. இடம் பாத்து நிக்குதுடா."

பையன் நிமிர்ந்தான். எக்ஸ் அச்சுக்கு ஒய்-யில் எங்கே இருக்கிறோம் என்பதைப் பற்றி என்ன கவலை? ஒன்றே ஒன்றுக்குத்தான் அந்தக் கவலை. ஒயருக்கு! பெட்டியிலிருந்து பாலத்துக்குப் போகிற ஒயர்கள் ஒரு பிளாஸ்டிக் சங்கிலிக்குள் போகின்றன. பாலம் நகர நகர சங்கிலி வளையும், ஒயரும் கூடவே வளையும். பாலம் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப வளைகிற இடமும் மாறும்.

ஒயரை மறுபடி கழற்றினான். மீட்டரை வைத்துப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரியும் இன்னொருவரும் பாலத்தின் இரண்டு பக்கமும் நின்று, கோணாமல், மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள். தலைமாடு, நடு, கால்மாடு. மீட்டரில் எண் குதித்தது. இன்னும் ஒரு சாண் தள்ளியதும் எண்ணே இல்லை. அறுந்துவிட்டது. திருப்பித் தள்ளினால் மறுபடி ஒட்டிக்கொண்டது. மோட்டாரின் முனையிலேயே வைத்துப் பார்த்தால் பாலம் எங்கே நின்றாலும் சுருள் சரி. ஆக, மோட்டார் நல்லது. ஒயருக்குள் செம்பு அறுந்திருக்கிறது. மேலே உறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

சங்கிலியைப் பிரித்து ஒயரை எடுத்தார்கள். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற மாதிரி தடித்த இழை கொண்ட சாதாரண ஒயர். நிலையாகச் சுவரில் கிடப்பதற்கு அது போதும். ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிர்வதற்கு மெல்லிய இழைகள் நிறையச் சேர்த்து முறுக்கிய, அதற்கென்றே செய்த ஒயர் வேண்டும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பட்டென்று போய்விடும். அதேதான்.

மிச்சம் இருந்தது தப்பு யாருடையது என்கிற கேள்வி. மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். வெட்டுகிற ஒவ்வொரு பலகையின் முதுகிலும் பென்சிலால் தேதி போட்டுவிடுவார். அந்த முதல் பலகையைத் திருப்பினார். பையன் மோதவிட்டதற்கு மூன்று நாள் முந்தைய தேதி. கணக்குப் பரிசோதனையில் வவுச்சர் என்று சொல்வார்களே, அதுதான் இது. பையன் இடிப்பதற்கு முன்பே ஒயர் அறுபட ஆரம்பித்திருந்தது. ஸ்டெப்பர் மோட்டாரும் ஒருமுறை முட்டி நின்றதற்காக எரிந்துபோகிற ஜாதி இல்லை. படி தவறும், அவ்வளவுதான்.

மேஸ்திரி அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "போய் டீ சொல்லிட்டு வா. ரெண்டு" என்றார். அந்த இரண்டாவது டீயில் எல்லாம் அடங்கிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே மாற்று ஒயர் ஒன்றைச் சங்கிலிக்குள் விடாமல், உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டு, வளையாமல் ஊஞ்சல் மாதிரி ஆடும்படி மாட்டினார்கள். இரவு முழுக்க பையன் பக்கத்திலேயே நின்று பாழான பலகைக்குப் பதில் புதுப் பலகையை வெட்டி முடித்தான். சரியான ஒயர் பிறகு கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. அறுந்த இடத்தில் ஒட்டுப்போட்டு மறுபடி சங்கிலிக்குள் விடலாமே என்று ஒருவர் சொன்னார். ஒட்டு வளையாது, அதன் பக்கத்தில் அடுத்த அறுப்பு வரும் என்று பையன் மறுத்துவிட்டான். முழு நீளமும் மாற்றினார்கள். ஒரு மோட்டார் விலைக்கு முன் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பாய் வீட்டுக் கதவு நிக்காஹ்வுக்கு நாலு நாள் முன் ஏறியது. அவரிடம் இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. "பூ நல்லா வந்திருக்கு ஆசாரி" என்றார். "தம்பி வேலை பாய்" என்றார் மேஸ்திரி, பையன் தோளைக் காட்டி.

மெஷின் வந்தால் கைவேலை செத்துப்போகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கே, கையால் செதுக்குவதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தத் தை மாதத்து மத்தியானத்தில் மெஷினின் நோயைக் கண்டுபிடித்தது, பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆசாரியின் கண். அதை நிரூபித்தது மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒரு பையனின் கை. ஒருவரை விட்டு ஒருவரால் முடிந்திருக்காது.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் மிக்ஸியோ மோட்டாரோ நின்றால், கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்பதற்கு முன் எந்த இடத்தில் நிற்கிறது, எப்போதிலிருந்து நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதிலாக எப்போதும் ஒரு ஆள்தான் கிடைப்பார். மற்ற இரண்டில்தான் பழுது கிடைக்கும்.